இன்னொரு தடவை அளந்து பாருங்கள்

ஒன்பது பாடங்களில் ஐந்தில் நான் பெயில். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், வரலாறு, சிங்களம். இதை நான் வாய்க்குள் முணுமுணுக்கப் போவதில்லை. நம்முடைய சபையில் சாட்சி சொல்ல எழும்புகிற நம்மில் பலர் தோல்வியை ஒரே வரியில் தாண்டிவிட்டு ஆசீர்வாதத்துக்கு ஓடிவிடுகிறோம். நான் கொஞ்ச நேரம் தோல்வியிலேயே நிற்கப் போகிறேன். கர்த்தர் என்னைச் சந்தித்தது அங்கேதான்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. மட்டக்குளியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் இருந்தோம். அப்பா கொச்சிக்கடைப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் மூட்டை தூக்கியவர். அடுக்கியிருந்த மூட்டை ஒன்று சரிந்து முதுகில் விழுந்ததோடு அவருடைய வேலை போனது. அதற்குப் பிறகு அரை மணி நேரம்கூட அவரால் நிமிர்ந்து நிற்க முடியாது. அம்மா வெள்ளவத்தையில் இரண்டு பிளாட் வீடுகளில் சமைத்து, கூட்டித் துடைத்து எங்களைக் காப்பாற்றினார். பெரிய மழை பெய்தால் கான் நிரம்பி, சாக்கடைத் தண்ணீர் உள்ளே வரும். என் புத்தகங்களை அலுமாரிக்கு மேலே தூக்கி வைப்பேன். ஒரு தடவை மறந்துவிட்டேன். கணிதப் புத்தகம் ஊறி, உப்பி, இரண்டு மடங்கு தடிப்பாகிவிட்டது.

ஆனால் மழையை நான் சாட்டாகச் சொல்லவில்லை. எனக்குக் கணக்கு வரவில்லை. அதுதான் உண்மை.

ஓ/எல் என்கிற சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வந்த அன்று பக்கத்து வீட்டு போனில்தான் பார்த்தேன். அம்மா கையில் மாவோடு வாசலுக்கு வந்தார்.

"என்னா போட்டிருக்கு?"

"அஞ்சு போச்சும்மா."

அம்மா ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கையைக் கழுவிக்கொண்டே, "சரி, நாளையிலேருந்து என்கூட வேலைக்கு வா" என்றார். அன்று நான் அழுத அழுகை என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. செத்துவிடலாமா என்றும் நினைத்தேன். விசுவாசிகள் முன்னால் இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு அன்ரி என் தலையில் கை வைத்தார். நல்ல மனுஷி. எங்கள் வீட்டுக்கு அரிசி கொண்டுவந்து தந்தவர். "எல்லாம் தேவசித்தம் மகள். படிப்பு உமக்கு வைக்கப்படேல்ல. ஏற்றுக்கொள்ளும், சமாதானம் வரும்" என்றார்.

எனக்குள் ஏதோ ஒன்று எழும்பியது. "இது தேவசித்தம் இல்ல அன்ரி. இது கணக்குப் பாடம்" என்றேன்.

சுற்றியிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். அம்மா என் கையில் கிள்ளினார். அந்த வார்த்தைக்காக நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

அம்மாவோடு நான் வீட்டு வேலைக்குப் போகவில்லை. வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் சேர்ந்தேன். அங்கே தில்ருக்ஷி அக்கா என்று ஒரு சிங்களப் பெண் வேலை செய்தார். அவருக்குத் தமிழ் அரைகுறை. எனக்குச் சிங்களம் அரைகுறை. ஒரு நாள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு அம்மாவின் கைப்பை கடைக்குள் காணாமல் போனது. இரண்டு பொலிஸார் வந்தார்கள், ஒருவர் பெண். இருவருக்கும் தமிழ் தெரியாது. அந்த அம்மாவோ பதற்றத்தில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தில்ருக்ஷி அக்காவும் நானும் ஆளுக்குப் பாதியாக மொழிபெயர்த்தோம். போகும்போது அந்தப் பெண் பொலிஸ் என்னைப் பார்த்து, "தங்கச்சி, தமிழ் தெரிந்த பிள்ளைகள் எங்களிடம் போதாது. நீ ஏன் வரக் கூடாது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

பேச்சுக்குச் சொல்லியிருப்பார். நான் அதை அழைப்பாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் முதலாளிக்கும் அது கேட்டுவிட்டது. கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது சத்தமாகச் சொன்னார். "ஓ/எல்லில அஞ்சு பாடம் பெயில். இவ பொலிஸுக்குப் போகப் போறாவாம்! முதல்ல அந்தச் சீலையை ஒழுங்கா மடியும் பிள்ளை."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சீலையை மடித்தேன். மடித்துக்கொண்டே ஜெபித்தேன். "ஆண்டவரே, இவர் சிரிச்சத நீங்க கேட்டீங்க. நான் மறக்க மாட்டேன். நீங்களும் மறக்காதீங்க." அவ்வளவுதான் என் ஜெபம். அதில் பணிவு இருக்கவில்லை. ஆனால் அது ஜெபம்தான்.

விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. பொலிஸில் சேர ஓ/எல் பரீட்சையில் இரண்டு தடவைக்குள் சித்தியடைந்திருக்க வேண்டுமாம். எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு தடவை. கொட்டாஞ்சேனையில் கணிதம் படிப்பிக்கிற ஒரு மாஸ்டரிடம் போனேன். "வகுப்பு முடிய ஹோலைக் கூட்டித் துடைக்கிறேன் சேர். பின் வாங்கில இருக்க விடுங்க" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "எல்லாம் சின்னப் பிள்ளையள். அதுகளுக்கு முன்னால தும்புத்தடி பிடிக்க உமக்கு வெட்கமா இராதோ?"

"வெட்கப்பட எனக்கு நேரமில்ல சேர்."

"அப்ப வாரும்" என்றார்.

முதல் மாதம் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. பின்னமும் சதவீதமும் என்னைப் பார்த்து இளித்தன. சின்னப் பிள்ளைகள் கையை உயர்த்தும்போது நான் விரலால் எண்ணிக்கொண்டிருப்பேன். சபைக்குப் போனால் கும்பிடுவதற்குப் பதிலாகச் சண்டை பிடித்தேன். "இந்த மூளைய தந்தது நீங்க. அது வேலை செய்யலன்னா நீங்கதான் வந்து பாக்கணும்" என்று சொன்னேன். பதில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மூன்றாம் மாதம் ஒரு நாள், கடையில் மீற்றர் கணக்கில் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது, வகுப்பில் விளங்காத விகிதக் கணக்கு திடீரென்று கையிலேயே விளங்கிவிட்டது. கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சிரித்தேன். தில்ருக்ஷி அக்கா பயந்துபோனார். அவர்தான் எனக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிங்களம் எழுதப் பழக்கினார். பதிலுக்கு நான் அவருக்குத் தமிழ் பழக்கினேன். அவர் பௌத்தர். கர்த்தர் அனுப்பிய ஆள் என்று நான் சொன்னால், "அனே, என்னை யாரும் அனுப்பல்ல, பஸ்ஸில வந்தேன்" என்பார்.

இரண்டாவது தடவை எல்லாப் பாடமும் சித்தி. கணிதத்துக்கு சி. அந்த ஒரு எழுத்தை அம்மாவுக்குக் காட்டினேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்தார்.

விண்ணப்பம் போட்டபோது அப்பாதான் எதிர்த்தார். "தமிழ்ப் பொண்ணுக்கு என்னத்துக்கு பொலிஸ்? பதிவு எங்க, அடையாள அட்டை எங்கன்னு எத்தன தடவ என்னைய ரோட்டுல நிப்பாட்டி வச்சிருக்காங்க தெரியுமா?"

"அதுனாலதாம்ப்பா போறேன்" என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்கப் போனேன்.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

நேர்முகத் தெரிவுக்கு ஒரு மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். முதலில் உயரம் பார்ப்பார்கள். குறைந்தால் அந்த இடத்திலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் உயரம் எனக்குத் தெரியும். கடை நாடாவால் வீட்டுச் சுவரில் பத்துத் தடவை அளந்திருந்தேன். வேண்டிய அளவை விட ஒரு விரற்கடை கூட. முந்திய நாட்களில் நல்ல மழை. கூடாரத்துக்கு முன்னால் ஒரு கம்பத்தில் அளவுகோலைக் கட்டியிருந்தார்கள். நூற்றுக்கணக்கான பெண்கள் வெறுங்காலோடு வரிசையில் நின்றோம்.

வரிசை நகர நகர, எனக்கு முன்னால் நின்றவர்கள் அழுதுகொண்டு திரும்பினார்கள். மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு பிள்ளை என்னை விட உயரம். விடியலிலிருந்து என்னோடு கதைத்துக்கொண்டு நின்றவள். அவளையும் உயரம் போதாது என்று அனுப்பிவிட்டார்கள். "ஊரில அளக்கக்குள்ள சரியாத்தானே இருந்த" என்று அழுதுகொண்டே சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போனாள்.

என் முறை வந்தது. நான் நிமிர்ந்து நின்றேன். அளந்த உத்தியோகத்தர் கோலைப் பார்த்தார். "மதி. யன்ன" என்றார். போதாது, போ.

என் கால் அசையவில்லை. கடை, வகுப்பு, தும்புத்தடி, அப்பாவின் முதுகு, எல்லாம் ஒரு நொடியில் வந்து போயின. நின்ற இடத்திலேயே ஜெபிக்கத் தலையைக் குனிந்தேன். "ஆண்டவரே, இவ்வளவு தூரம் கூட்டி வந்து இங்க விடுறீங்களா? நான் போக மாட்டேன்."

எத்தனையோ ஜெபத்தில் நான் கண்ணை இறுக மூடியிருக்கிறேன். அன்று மூட முடியவில்லை. திறந்தபடியே என் காலைப் பார்த்தேன். விரல்கள் சேற்றுக்குள் இருந்தன. குதிகாலைச் சுற்றித் தண்ணீர் நின்றது. பக்கத்தில் நின்ற உத்தியோகத்தரின் சப்பாத்து என் காலை விட மேலே, காய்ந்த தரையில் இருந்தது. காலையிலிருந்து நூற்றுக்கணக்கான கால்கள் மிதித்து மிதித்து, ஈர மண் அந்த இடத்தில் பள்ளமாகியிருந்தது. கோல் கம்பத்தில் அப்படியே இருந்தது. நாங்கள்தான் இறங்கிக்கொண்டே போயிருக்கிறோம்.

"சேர், தவ பாரக் மனின்ன" என்றேன். இன்னொரு தடவை அளந்து பாருங்கள்.

"எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று தெரியவில்லையா? போ!"

"சேர், நீங்கள் வந்து இதில் நில்லுங்கள். உங்கள் உயரம் உங்களுக்குத் தெரியும்தானே?" தில்ருக்ஷி அக்கா பழக்கிய சிங்களம் முழுவதையும் அந்த இரண்டு வசனத்தில் போட்டேன்.

மேசையில் பதிவு எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண் மேலதிகாரி எழும்பி வந்தார். குனிந்து நிலத்தைப் பார்த்தார். பிறகு அந்த உத்தியோகத்தரிடம், "சப்பாத்தைக் கழற்றிவிட்டு நில்லுங்கள்" என்றார். அவர் நின்றார். கோல் அவருடைய உயரத்தை இரண்டு விரற்கடை குறைத்துக் காட்டியது. அவர் கோலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் சேவையில் இருந்து நான் சுருங்கிவிட்டேன் போல" என்று சிரித்தார். நல்ல மனிதர். வேண்டுமென்று செய்யவில்லை. மழை செய்தது.

பலகை கொண்டுவந்து போட்டார்கள். திரும்பவும் அளந்தார்கள். நான் சொன்ன அந்த ஒரு விரற்கடை அங்கே இருந்தது.

அனுப்பப்பட்டவர்களையும் கூப்பிடச் சொன்னார் அந்த மேலதிகாரி. நான் சேற்றுக் காலோடு வாசலுக்கு ஓடினேன். தமிழிலும் சிங்களத்திலும் கத்தினேன். மட்டக்களப்புப் பிள்ளை பஸ் தரிப்பிடத்தில் நின்றாள். அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவளும் தெரிவானாள்.

இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் வாதாட மாட்டேன். அன்று என் கண்ணைத் திறந்து வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும்.

பயிற்சியைப் பற்றி நீட்ட மாட்டேன். களுத்துறையில் வெயிலில் ஓடினேன், விழுந்தேன், எழும்பினேன். பயிற்சி முடிந்து அணிவகுப்பு நடந்த அன்று அம்மாவோடு அப்பாவும் வந்தார். கதிரை கொடுத்தார்களாம், இருக்க மறுத்துவிட்டாராம். முழு நேரமும் நின்றே பார்த்திருக்கிறார். முடிந்ததும் என் தொப்பியைத் தொட்டு, "பாரமா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். "இல்லப்பா" என்றேன். அவர் முகத்தை நான் பார்த்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இப்போது தகரக் கூரை வீட்டில் நாங்கள் இல்லை. அம்மா பிறத்தியார் வீட்டில் பாத்திரம் கழுவுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் எனக்கு டியூட்டி. அதனால்தான் இந்த வியாழன் கூட்டத்தில், சீருடையோடே வந்து நிற்கிறேன். நான் வேலை செய்யும் இடத்தில் தமிழில் முறைப்பாடு சொல்ல வருகிறவர்கள் என் மேசையைத் தேடி வருகிறார்கள். அவர்கள் சொல்லும் ஒவ்வொரு வசனத்தையும் கவனமாக எழுதுகிறேன். அது எனக்கு ஆராதனை போலத்தான்.

பதவி உயர்வுப் பரீட்சை ஒன்று போன முறை எழுதினேன். பெயில். ஆமாம், திரும்பவும் பெயில். சிலர் சிரித்தார்கள். நான் திரும்ப விண்ணப்பம் போட்டுவிட்டேன்.

இங்கே இருக்கிற பிள்ளைகளே, தாய்மாரே, வேலை போன அண்ணன்மாரே, ஆண்டவரிடம் கேளுங்கள். மரியாதையான வார்த்தை வரவில்லை என்றால் பரவாயில்லை. அழுது கேளுங்கள், கோபப்பட்டுக் கேளுங்கள். அவர் சின்ன மனம் படைத்தவர் இல்லை, கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்டுவிட்டு வீட்டில் படுத்திருக்காதீர்கள். எழும்பிப் போங்கள். யாராவது "உனக்கு இது இல்லை" என்று சொன்னால், அவர் உங்களை நிற்க வைத்து அளக்கிற நிலத்தை ஒரு தடவை குனிந்து பாருங்கள்.

என் பரீட்சை அடுத்த மாதம். ஜெபிக்கும்போது என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளில் யாருக்காவது கணக்கு வரவில்லை என்றால், கூட்டம் முடிய என்னிடம் அனுப்புங்கள். நான் வாசலில் நிற்பேன்.