இது எங்கே நின்ற மரம்?

வேலாயுதம் அண்ணன் போய்விட்டார் என்று அவருடைய மகள் போனில் சொன்னபோது, நான் பக்கத்து வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். "பேசிக்கிட்டே இருந்தாரு சித்தப்பா, அப்படியே சாஞ்சிட்டாரு" என்றாள். கூடலூர் பஸ்ஸில் ஏறி உட்காரும்வரை எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்த மனிதரோடு எனக்கு ஒரு பழைய சண்டை பாக்கி இருந்தது. அதை முடிக்காமல் அவர் பாட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

உங்களில் பலருக்கு அவர் 'கிட்டார் வேலாயுதம்'. திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் பாலிஷ் போடாத அந்த எலக்ட்ரிக் கிட்டாரோடு அவர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது எப்படி உருவானது என்று முழுதாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: அவருடைய மனைவி சரோஜா அண்ணியும் நானும். அண்ணி அதைப் பற்றிப் பேச மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

இலங்கைத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அண்ணன் அங்கே ஒரு தோட்டத்து இசைக்குழுவில் கிட்டார் வாசித்தவர். கருவியை அங்கேயே ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டு, மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்து இறங்கினார். சேரங்கோட்டுப் பக்கம் இப்படி வந்தவர்களுக்காகப் புதுத் தேயிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தேயிலை நடுவதற்கு இடம் வேண்டும், அந்த இடத்தில் காடு நின்றது. அண்ணனுக்குக் கிடைத்த முதல் வேலை மரம் வெட்டுவது. அதை விட்டுவிட்டு, நான் எலக்ட்ரீஷியனாக இருந்த ஒரு தனியார் எஸ்டேட் பேக்டரிக்கு, தேயிலை உலர்த்தும் டிரையர் வேலைக்கு வந்து சேர்ந்தார். பேக்டரியை அவர் 'இஸ்டோர்' என்பார், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீட்டைக் 'காம்பரா' என்பார். நான் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரன். 'ஏனுங்க' என்று நான் ஆரம்பித்தாலே சிரிப்பார். ஒருவர் பேச்சை ஒருவர் கிண்டல் பண்ணித்தான் நெருங்கினோம்.

ஒரு நாள் நான் பழைய ரேடியோ ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த மயிரிழைக் கம்பியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "தம்பி, இந்தக் கம்பிய ஒரு காந்தத்து மேல சுத்துனா எலக்ட்ரிக் கிட்டாருக்குக் காது ரெடி. கரண்டு வேல ஒனக்கு, மர வேல எனக்கு" என்றார். எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. கிழிந்த ஒலிபெருக்கியிலிருந்து காந்தத்தை எடுத்தேன். அப்போதுதான் அவர் ஒரு நிபந்தனை போட்டார். "வெட்டுன மரம் ஆகாது. தானா விழுந்தது, வேணாம்னு தள்ளுனது, அதுலதான் செய்யணும்."

ஏன் என்று கேட்டேன். "எங்களுக்கு எடம் குடுக்கத்தானே அம்புட்டுக் காடும் போச்சு. எம் பேரச் சொல்லி வெட்டினது போதும் தம்பி."

முதலில் தேயிலைப் பெட்டிப் பலகையை ஒட்டிப் பார்த்தோம். மழை ஆரம்பித்ததும் ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலைச் செடி இரும்பு மாதிரி இருந்தது, ஆனால் முழங்கை நீளத்துக்கு நேரான துண்டு ஒன்றுகூடத் தேறவில்லை. காற்றில் சாய்ந்த சில்வர் ஓக் நிழல்மரம் உடம்புக்குச் சரியாக வந்தது. கழுத்துதான் எங்களைப் படுத்தி எடுத்தது. கம்பிகள் இழுக்கிற இழுப்பைத் தாங்கிக்கொண்டு அது நேராக நிற்க வேண்டும். யூகலிப்டஸ் தைலம் எடுக்கிற கற்பூர மரம் ஒன்று ரோட்டோரம் விழுந்து கிடந்தது. அதன் பலகைக்கு வலு உண்டு. ஆனால் நம் மலை ஈரத்தில் ஒழுங்காகக் காயாது. செதுக்கிய கழுத்தெல்லாம் முறுக்கிக்கொண்டு போயிற்று.

கூடலூரில் ஒரு மரக்கடைக்காரர் பழைய ஈட்டிமரப் பலகை ஒன்றை எடுத்துக் காட்டினார். நன்றாகக் காய்ந்தது, நூல் பிடித்தாற்போல நேர். நான் துள்ளினேன். அண்ணன் அதைத் தடவிப் பார்த்து, "இது எங்க நின்னுச்சு?" என்று மட்டும் கேட்டார். கடைக்காரர் மழுப்பினார். வெளியே வந்ததும் நான் சத்தம் போட்டேன்.

"ஏனுங்கண்ணா, அது எப்பவோ வெட்டினதுங்க. நாம வாங்காட்டி மறுக்கா மொளைக்கவா போகுது?"

"நாம இத வாங்குனா அவன் அந்த எடத்துக்கு இன்னொன்ன வெட்டுவான் தம்பி."

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் அந்தப் பதில் எனக்கு இன்றைக்கும் போதவில்லை.

அந்த மழைக்காலத்தில் எஸ்டேட்டிலேயே ஈரமில்லாத இடம் ஒன்றுதான்: பேக்டரி மேல்மாடி. பறித்த கொழுந்தைப் பரப்பி இளஞ்சூட்டுக் காற்று விட்டு வாட்டுகிற இடம். நான் அம்மாவைப் பார்க்க லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் கடைசியாக மிச்சமிருந்த கற்பூரப் பலகையைக் கொண்டுபோய் அந்த மாடியின் உத்தரத்தில் கட்டிவிட்டார். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. மண்ணெண்ணெய்க் கையோடு உள்ளே வந்தேன் என்று என்னையே விரட்டியவர் அவர். மழையில் ஊறிக் கிடந்த பலகையில் வாசனை செத்துவிட்டது என்று நம்பினார். குளிரில் செத்திருந்தது சூட்டில் எழுந்துகொண்டது. குன்னூரில் சாம்பிளைக் குடித்துப் பார்த்தவர்கள், தேயிலை தைலம் மாதிரி அடிக்கிறது என்று மொத்தச் சரக்கையும் திருப்பிவிட்டார்கள்.

மேனேஜர் மாடியில் கொழுந்து பரப்பும் பெண்களை வரிசையாக நிறுத்தி, யார் தலைக்குத் தைலம் தேய்த்து வந்தது என்று கத்தியிருக்கிறார். அண்ணன் டிரையரை விட்டு மேலே ஏறிப்போய்ப் பலகையை அவிழ்த்து எடுத்துவந்து காட்டினார். "அவங்க இல்லீங்க தொர. நான் வச்சது." அன்றே வேலை போயிற்று. வேலை போனால் லயத்து வீடும் போகும்.

நான் ஊரிலிருந்து திரும்பியபோது பாத்திரங்கள் எல்லாம் வாசலில் மழையில் நனைந்துகொண்டிருந்தன. சரோஜா அண்ணி குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றார். அழவில்லை. "அங்கயிருந்து போன்னாங்க, வந்தோம். இங்கயிருந்து போகச் சொல்ற மாதிரி நீங்களே வச்சிட்டீங்க. ஒரு பலகைக்காக" என்றார். அண்ணன் தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் கையில் அந்தப் பலகை இருந்தது. அது அற்புதமாகக் காய்ந்திருந்தது.

கூடலூரில் ஒரு தகரக் கொட்டகையில் குடியேறி, கூலி வேலைக்குப் போனார்கள். அந்தப் பலகையைத் தொட அவருக்கு வெகுகாலம் மனம் வரவில்லை. பிறகு ஒரு நாள் தொட்டார். கிட்டார் பிறந்தது, என் கம்பிச் சுருளும் வேலை செய்தது. நல்ல குரல்தான். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் சுருதி இறங்கும், திட்டிக்கொண்டே முறுக்குவார்.

என் சண்டை இதுதான். "அந்த ஈட்டிய வாங்கியிருந்தா ஊடு போயிருக்காதுங்களே?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பேன். சிரித்து மழுப்புவார். ஒரே ஒரு தடவை பதில் சொன்னார். "போயிருக்காது. ஆனா வாங்கியிருக்கலாம்னு சொல்ல வாய் வரல தம்பி. சரோஜா மொகத்தப் பாக்கிறப்பதான் எனக்கு ஒண்ணும் புரிய மாட்டேங்குது."

நான் போய்ச் சேர்ந்தபோது மயானத்துக்கு விறகு ஏற்றிய ஜீப் வாசலில் நின்றது. அவர்கள் சொந்தத்தில் எரிப்பதும் உண்டு, புதைப்பதும் உண்டு. அன்றைக்கு எரிப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அண்ணி எழுந்து வந்தார். ஒரு கட்டையைத் தொட்டார். வெட்டுவாயில் இன்னும் பால் கசிந்துகொண்டிருந்தது.

"பச்ச மரம். இது வேணாம்" என்றார்.

"அண்ணி, நேரமாச்சுங்க..."

"விழுந்தது இருந்தா கொண்டாங்க. இல்லேன்னா அவர மண்ணுல வைங்க. மரத்த வெட்டி எரிச்சா அவரு எந்திரிச்சு ஓடிருவாரு."

அந்தப் பலகைக்காக வாழ்நாளெல்லாம் அவரை மன்னிக்காதவர் சொல்கிறார். விறகு ஜீப்பைத் திருப்பி அனுப்பினார்கள். அண்ணனை மண்ணில்தான் வைத்தோம்.

கிட்டார் அண்ணியிடமே இருக்கிறது, இருக்க வேண்டியதும் அங்கேதான். என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய ஒரு கேள்வி. என் மகன் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். போன வாரம் வாசல்கதவுக்குப் பலகை பார்க்கப் போனோம். கடைக்காரர் ஒன்றை எடுத்துத் தட்டிக் காட்டினார், கணீரென்று கேட்டது. "இது எங்கீங்க நின்னுது?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். வீட்டுக்கு இன்னும் கதவு போடவில்லை. சாக்குதான் தொங்குகிறது.