ஹீரோவுக்குப் பின்னால் நிற்கிறவர்கள்

திங்கட்கிழமை காலையில் எங்கள் மில் வேனில் பாட்டுப் போடக் கூடாது. டிரைவர் வீரணன் ஒரு தடவை மறந்துபோய்ப் போட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றைக்கு மாரீஸ்வரி படம் சொல்லும் நாள்.

வேன் கூமாப்பட்டியில் கிளம்பி, வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் என்று ஆள் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரும். நான் கிருஷ்ணன்கோவிலில் ஏறுகிறவள். மாரீஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறுவாள். அங்கேயிருந்து ராஜபாளையத்தில் எங்கள் மில் வாசலுக்கு அரைமணி நேரம். அதற்குள் படத்தை முடித்தாக வேண்டும். உள்ளே போய்விட்டால் மெஷின் இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவள் பேசுவதே கேட்காது. ரயில்வே கேட் சாத்தியிருந்தால் எங்களுக்கு யோகம், சண்டைக்காட்சியும் சேர்த்துக் கிடைக்கும்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. புருஷன் பட்டாளத்திலிருந்து வந்து ஒரு ஏடிஎம்மில் காவல் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து, குழம்பு வைத்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மதியக் காட்சிக்குத் தனியாகப் போவாள். கல்யாணமான புதிதில் மாமியார் முகத்தைத் திருப்பியிருக்கிறார். "நான் என்ன சாராயங் குடிக்கவா போறேன்" என்று கேட்டுவிட்டுப் போனவள் இன்று வரைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

படம் சொல்வாள் என்றதும் கதை சொல்வாள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் திட்டுவாள். இப்போது வருகிற படங்களைத் திட்டாமல் என்ன செய்வது, எனக்கும் அதுதான் தெரியவில்லை.

"குமட்டுது" என்றுதான் ஆரம்பிப்பாள். "மூஞ்சி பூரா ரத்தத்த அப்பிக்கிட்டு வருதான். வெட்டுதான், சிரிக்கான், மறுபடி வெட்டுதான். கறிக்கடையில மூணு மணி நேரம் நின்னுட்டு வந்த மாதிரி இருக்கு. ராத்திரி எனக்குச் சோறு எறங்கல."

யோகேஸ்வரி விடமாட்டாள். இருபத்திரண்டு வயசு, போன் கவரிலேயே ஹீரோ படம். "ஒங்களுக்கு மாஸ்னா என்னன்னே தெரியலக்கா. தியேட்டரே எந்திரிச்சு ஆடுச்சு."

"ஆடட்டும். அந்தக் கடைவீதிச் சண்டையில ஒரு கீரைக்காரி கூடையோட நின்னா. கார் ஒண்ணு பறந்து வந்து அவ பக்கத்துல விழுது. அதுக்குப் பொறவு அவளக் காணோம். அவ என்ன ஆனா?"

"அதையெல்லாம் யாருக்கா பாப்பா?"

"நான் பாப்பேன்."

இதுதான் மாரீஸ்வரி. ஹீரோவை அவள் அளவோடுதான் பார்ப்பாள். அவனுக்குப் பின்னால் நிற்கிறவர்களைத்தான் கண் கொட்டாமல் பார்ப்பாள். குடம் தூக்கிப் போகிறவள் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா, கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவன் நிஜமாகச் சாப்பிடுகிறானா, ஹீரோயினை அறைகிறபோது பக்கத்தில் இருக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள். பின்னால் நிற்கிறவனை மனுஷனாக மதிக்காதவன் எடுக்கிற படம் எச்சில் இலைக்குச் சமம் என்பாள். அதில் மட்டும் அவளோடு யாரும் வாதாடி ஜெயித்ததில்லை. கருத்தம்மா அக்கா அழுகைப் படத்துக்குப் பரிந்து பேசுவாள், நான் குடும்பப் படத்துக்கு. கத்துகிற கத்தலில் வீரணன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "முடிச்சுட்டுச் சொல்லுங்க தாயி, பொறவு எடுக்கேன்" என்று பீடி பற்றவைத்த நாளும் உண்டு.

இந்தச் சண்டையில் வாயே திறக்காதவள் செல்லத்தாய். கூமாப்பட்டிக்காரி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவாள். புருஷன் பாண்டிச்செல்வம் கிணற்றில் மோட்டார் போடப் போய் ஷாக் அடித்துச் செத்து மூன்று வருஷம் ஆகிறது.

போன வருஷம் அவள் ஊர்ப் பக்கம் ஒரு ஷூட்டிங் நடந்தது. இழவு வீட்டுக் காட்சிக்குப் பொம்பளை ஆட்கள் வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். டைரக்டர் செல்லத்தாயை முன்னால் உட்காரவைத்து, "யாரையாச்சும் நெனச்சு அழுங்கம்மா" என்றிருக்கிறான். அவள் பாண்டிச்செல்வத்தை நினைத்து, பேரைச் சொல்லி, மாரில் அடித்து அழுதிருக்கிறாள். எல்லாரும் கை தட்டினார்களாம். டைரக்டர் வந்து கும்பிட்டானாம். அதன் பிறகு வேனில் செல்லத்தாய்க்கும் ஒரு பேச்சு கிடைத்தது. "அவியள நெனச்சுத்தான் அழுதேன். நடிக்கல்லாம் இல்ல." ஒரு வருஷமாக இதையேதான் சொன்னாள். நாங்களும் புதிதாகக் கேட்பதுபோலவே கேட்டோம்.

படம் வெளிவந்தது. அதே சமயத்தில் அவள் மகள் இந்துவுக்கு ஆலங்குளத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். சம்பந்தி வீட்டு ஆட்களை அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்துக்கு வரச் சொல்லிவிட்டாள் செல்லத்தாய். இரண்டு குடும்பமும் சேர்ந்து படம் பார்ப்பதாக ஏற்பாடு. தகப்பன் இல்லாத வீடு என்று இளப்பமாக நினைத்துவிடக் கூடாதே என்று மூன்று வருஷமாகக் குனிந்து நடந்தவள், காட்டுவதற்குத் தனக்கும் ஒன்று இருக்கிறது என்று முதல் தடவையாக நிமிர்ந்திருந்தாள்.

அதற்கு முந்தின ஞாயிறே மாரீஸ்வரி படம் பார்த்துவிட்டாள். திங்கட்கிழமை ஏறியவள் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தாள்.

"ஏட்டி மாரி, சொல்லு" என்றாள் செல்லத்தாய். "நான் வாரனா?"

"வாரக்கா."

"எம்புட்டு நேரம்?"

"செத்த நேரந்தான்."

"அழுதது நல்லாருக்கா?"

மாரீஸ்வரி பையின் கைப்பிடியை முறுக்கினாள். பிறகு சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. அது காமெடிக் காட்சி. குடிகாரன் ஒருவன் தள்ளாடி வந்து பாடையில் விழுகிறான், பிணத்தின் வேட்டி அவிழ்கிறது. பின்னால் செல்லத்தாய் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள். குரல் அவளுடையது இல்லை. அவள் வாய் திறக்கிற இடத்திலெல்லாம் ஆடு கத்துகிற சத்தத்தைப் போட்டிருக்கிறார்கள்.

செத்த புருஷனின் பேரைச் சொல்லி அழுதவள் வாயில் ஆட்டுச் சத்தத்தைப் போடுகிறவன் என்ன சோறு தின்கிறானோ. யோகேஸ்வரி ஜன்னல் வழியாகக் காறித் துப்பினாள். கருத்தம்மா அக்கா டைரக்டரின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினாள்.

"செத்த சும்மா இருங்க" என்றாள் மாரீஸ்வரி. "இன்னும் முடிக்கல. நானும் சிரிச்சேன்."

கருத்தம்மா அக்கா திட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அவன் விழுந்ததத்தான் பாத்தேன். பின்னால பாக்கல. வாய்விட்டுச் சிரிச்சேன். ரெண்டாந்தடவ ஆடு கத்துறப்பத்தான் பின்னால பாத்தேன். அக்கா சேலை. பாதிச் சிரிப்பு வாயில இருக்கு, அக்கா எனக்கு முன்னால அழுதுக்கிட்டிருக்கு. எம்மேலேயே எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு."

செல்லத்தாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவனுக சிரிச்சானுவ, சரி. நீ எதுக்குட்டி சிரிச்ச" என்று கேட்டாள். மில் வந்துவிட்டது.

எனக்கு மாரீஸ்வரி மேல்தான் கோபம். சிரித்தாய், சரி, அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா? சாப்பாட்டு நேரத்தில் கேட்டேவிட்டேன். "மத்த படத்துக்கெல்லாம் உள்ளதச் சொல்லிட்டு, இதுக்கு மட்டும் பொய் சொல்லச் சொல்லுதியா?" என்றாள். அவள் டப்பாவில் சோறு அப்படியே இருந்தது.

நாலு நாள் செல்லத்தாய் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமை வேனில் ஏறியதும் சொன்னாள். "சம்பந்தி வீட்டுல, தியேட்டர்ல படத்த மாத்திட்டான்னு சொல்லிட்டேன். ஆனா நான் ஒருக்காப் பாக்கணும். நீங்க கூட வாங்க. நீயும் வா மாரி."

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் போனோம். செல்லத்தாய்க்கு ஒரு பக்கம் மாரீஸ்வரி, இன்னொரு பக்கம் நான். காட்சி வந்தது. குடிகாரன் விழுந்தான், வேட்டி அவிழ்ந்தது, ஆடு கத்தியது. தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. எங்களுக்கு முன்னால் ஒருவன் சீட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அவன் பின்மண்டையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. செல்லத்தாய் அசையவில்லை. மாரீஸ்வரி திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் மாரீஸ்வரி பேசினாள். "யக்கா, ஒனக்குப் பின்னால பச்சச் சேலக்காரி ஒருத்தி நின்னா. அவ குடிகாரனப் பாக்கல. ஒன்னப் பாத்து நெசமா அழுதா. கண்ணத் தொடைச்சா."

"ஏட்டி, அவ வீராயி. எங்க தெருதான்" என்றாள் செல்லத்தாய். அப்புறம் மாரீஸ்வரியின் முந்தானையை வாங்கித் தன் முகத்தைத் துடைத்தாள். அடுத்த திங்கட்கிழமை, "எந்தப் படத்துக்குப் போன" என்று முதலில் கேட்டதும் அவள்தான்.

இதோடு நிறுத்திவிட்டால் என் தலை தப்பிக்கும். ஆனால் மாரீஸ்வரியைப் பற்றி எழுதிவிட்டு அப்படி நிறுத்த முடியவில்லை. அன்றைக்குத் தியேட்டரில் ஆடு கத்தியபோது எனக்கும் சிரிப்பு வந்தது. கதை முழுக்கத் தெரிந்தும், செல்லத்தாய் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குனிந்தேன். உடம்பு குலுங்கியது. நான் அழுவதாக நினைத்து, செல்லத்தாய் இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

மாரீஸ்வரி வேனில் எல்லார் முன்னாலும் சொன்னாள். நான் இதுவரைக்கும் சொல்லவில்லை.