தக்காளிக்கு மெத்தை விரிப்பவர்

போன கார்த்திகை மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஐந்தே முக்காலுக்கு எழுந்து, ஆறு பத்துக்கு ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீட்டருகே இருக்கும் உழவர் சந்தைக்குள் நுழைந்தேன். ஆறு வருடங்களாகத் தினமும் இதே நடைதான். முதல் சுற்றில் எதுவும் வாங்க மாட்டேன். ஈரம் சொட்டும் முள்ளங்கியையும் மண் உதிராத பீட்ரூட்டையும் பார்த்துக்கொண்டே நடப்பதில் ஒரு சுகம். இரண்டாவது சுற்றில்தான் பை நிறையும். கடைசியாக டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அன்று வந்திருந்த காய்களைப் பற்றி டைரியில் நான்கு வரி எழுதுவேன்.

அன்றும் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தபோது மணி ஆறு ஐம்பத்தைந்து. மேலே இரண்டாக ஒடித்த முருங்கைக்காய் இருந்தது. நான் வாங்கியதல்ல. பெஞ்சில் பக்கத்திலிருந்தவரின், என்னுடையதைப் போலவே இருந்த மஞ்சள் பையை மாற்றி எடுத்து வந்திருக்கிறேன். அடியில் ஒரு கண் சொட்டு மருந்தும் கையால் எழுதிய துண்டுச் சீட்டும் இருந்தன. ‘இன்று ஆபரேஷன். காலை ஏழரைக்கு முதல் சொட்டு.’ பெயரோ போன் எண்ணோ இல்லை.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். பெஞ்சு காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்தது ஆணா பெண்ணா என்பதுகூட நினைவில்லை. டைரியைப் புரட்டினேன். ‘முள்ளங்கி நன்று. அவரை சுமார்.’ அவ்வளவுதான் இருந்தது.

கீரைக்கார அம்மாவிடம் பையைக் காட்டினேன்.

“முருங்கக்காய ஒடிச்சுக் குடுக்கச் சொல்றது ஒரே ஒரு அம்மணிதானுங்க. கருவேப்பலக்காரரு கடையில உங்க பையோட உக்காந்திருக்குது, போங்க.”

“என் பைதான்னு எப்படிங்க தெரியும்?”

“தக்காளிக்குக் கீழ கீரைய மெத்தையாட்ட விரிக்கறது இந்தச் சந்தையில நீங்க ஒருத்தருதானுங்க. அந்த அம்மணி பையத் தொறந்து காட்டுனதுமே நோட்டுக்காரரு பையின்னு சொல்லிப்போட்டேன்.”

சந்தையில் எனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

காரமடைப் பக்கமிருந்து வரும் கருவேப்பிலைக்காரர், பையைத் தவறவிட்ட அம்மாவைச் சாக்கு மூட்டைமேல் உட்கார வைத்திருந்தார். “நாஞ் சொன்னேன்ல, கடியாரமாட்ட வந்துருவாருன்னு” என்றார்.

“ஊட்டுக்காரருக்கு ஊத்தோணுங்க. நேத்து வாங்குனது பையிலயே கெடந்துபோச்சு. மருந்துக்கடையும் இன்னும் தொறக்குல” என்றபடி அந்த அம்மா மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டார். மணி ஏழு பன்னிரண்டு. வீடு நடக்கிற தூரம்தானாம். கிளம்பும்போது மட்டும் சிரித்தார். “உங்க பையில எதையும் தொடுலீங்க. கலைக்கவே பயமா இருந்துச்சு.”

சந்தையைக் கவனித்துக் குறித்து வைப்பவன் நான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக, பை மறுபடி மாறாமலிருக்க அதன் காதில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட உட்கார்ந்தேன். ஊசியில் நூலைக் கோத்த பிறகு சற்று யோசித்து, அப்படியே பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அந்தச் சந்தையில் என் பைக்குத் தனியாக ஓர் அடையாளம் வேண்டியதில்லை.