மடியில் கட்டையோடு ஒரு சவாரி

ஆரணியில் துரைக்கண்ணுவின் வெல்டிங் பட்டறை எங்கே என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. குதிரையில்லா வண்டிக்காரர் வீடு என்று கேட்டால் கண்ணமங்கலம் ரோட்டு டீக்கடைக்காரர் எழுந்து வந்து வழி காட்டுவார். உலகத்துக்கு மோட்டார் வண்டி புதிதாக வந்தபோது எப்படி இருந்ததோ அதே மாதிரி ஒன்றை, போனில் பார்த்த படங்களை வைத்தே வருஷக்கணக்கில் மெனக்கெட்டுச் செய்தவர் அவர். மொத்தம் மூன்று சக்கரம். பெரணமல்லூர் கிணற்றடியில் துருப்பிடித்துக் கிடந்த டீசல் என்ஜின், பழைய விசைத்தறியின் பெல்ட், ஸ்டியரிங்குக்குப் பதில் ஓர் இரும்புக் கைப்பிடி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைக் கிளப்பினால் தெருவே அதிரும். தறியை விட்டு எழுந்து வந்து ஜனங்கள் வாசலில் நிற்பார்கள். சைக்கிள்காரன் தாண்டிப் போகிற வேகம்தான். ஆனாலும் மனுஷர் சாமி ஊர்வலம் போகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அந்தச் சந்தோஷத்தை அவர் முகத்தில் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை என்பாள் மனைவி மதிவதனி.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்து போவாள், மடியில் ஒரு மரக்கட்டையோடு.

காரணம், அந்த வண்டியின் பிரேக். சக்கரத்தோடு சுழலும் டிரம்மைச் சுற்றி ஒரு தோல்பட்டை, அவ்வளவுதான். வண்டி முன்னால் ஓடும்போது இழுத்தால் இறுகும். மேட்டில் நின்று பின்னால் உருண்டால் தளர்ந்துவிடும். அப்போது யாராவது குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். அந்த யாராவது எப்போதும் மதிவதனிதான்.

"பைக்குக்குப் போட்ற பிரேக்கு ஒன்னு வச்சிடேன்யா. எத்தினி நாளைக்கு நான் கட்டைய தூக்கினு குதிச்சிகினு இருப்பேன்?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"அந்தக் காலத்து வண்டியில ஏது அதெல்லாம்? வச்சா அப்புறம் இது ஆட்டோதான்" என்றார் துரைக்கண்ணு. பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். டீசல் என்ஜினும் அந்தக் காலத்தில் இல்லைதான். அது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள், தூறலில் ஆற்றுப் பாலத்து ஏற்றம் ஏறும்போது பெல்ட் நனைந்து கழன்றுவிட்டது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. "மதி, கட்டைய வை" என்று கத்தினார். அவள் குதித்து வைத்தாள். ஈரத்தில் கட்டை வழுக்கியது. விடாமல் அதைத் திரும்பத் தள்ளப் போன கையின் மேல் சக்கரம் ஏறி நின்றது.

வேலூருக்குக் கொண்டு போனார்கள். வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். மதிவதனி பட்டுத் தறியில் உட்காருகிறவள். பாவில் அறுந்த இழையைக் கண்ணால் தேட மாட்டாள், விரல் நுனியாலேயே பிடித்து முடிந்துவிடுவாள். பாதியில் நின்ற சேலையை ஓரகத்தி அபிதகுசாம்பாள் வந்து நெய்து முடித்தாள். அது முடிகிற வரை மதிவதனி தறி இருந்த அறைப் பக்கமே போகவில்லை.

கெட்ட நேரம் என்றது ஊர். நேரத்தின் மேல் பழியைப் போடுவது சுலபம். துரைக்கண்ணுவால் அப்படிப் போட முடியவில்லை. ஒரு நாள் காலையில் வண்டியைத் துண்டு துண்டாக அறுக்கக் கேஸ் கட்டரை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"அறுத்துட்டா என் வெரலு வந்துருமா? மொதல்ல பிரேக்க போடு" என்றாள் மதிவதனி.

உடைந்த ஆட்டோவிலிருந்து பிரேக்கைக் கழற்றி வந்தார். அவள் ஸ்டூல் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். இரண்டு வெல்டிங், நாலு போல்ட், ஒரு கேபிள். பட்டறை வாசல் சரிவில் வண்டியை நிறுத்திப் பின்னால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. உள்ளே அடுப்பில் வைத்த சோறு இன்னும் வெந்திருக்கவில்லை.

"முடிஞ்சிதாய்யா?"

"முடிஞ்சிது."

"இவ்ளோதானா?" என்றாள்.

துரைக்கண்ணு வேஸ்ட் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கிரீஸெல்லாம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.