ஜரிகைக் கீறல்

அப்பாவின் ரேசர் டப்பாவைத் திறந்ததும் வந்த சோப்பு வாசனை, ஆரணியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்கட்டுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. இன்று அங்கே விசைத்தறிக் கூடம். அன்று கிணற்றடித் தூணில் மாட்டிய கண்ணாடி, உள்ளே அம்மா ஓட்டும் தறியின் சத்தம், கன்னத்தில் இறங்கும் ரேசரின் சரசரப்பு, நுரைக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும் அப்பாவின் முகம், கடைசியில் தாடையில் தினமும் ஒரே இடத்தில் அவர் தேய்த்துக்கொள்ளும் படிகாரம். “இன்னாப்பா ரத்தம்?” என்றால், “ஜரிகை கீறிடுச்சும்மா” என்பார். ஜரிகை அவர் விரல்களைக் கீறுவதைப் பார்த்திருந்ததால் நம்பிவிடுவேன்.

ஒருபக்க பிளேடு போடும் பழைய ரேசர்களைச் சேர்க்கிற என் தங்கை மகன், அப்பாவுடையதைத் தன்னுடையதோடு ஒட்டிவைத்து, பிளேடுக்கு அடியில் சீப்பு மாதிரி இருக்கும் பற்களை எண்ணினான்.

“என்னோடதுல பதிமூணு, தாத்தாவோடதுல பன்னெண்டுதான் பெரியம்மா. வேற மாடல் போலகீது.”

“ஒண்ணு உடைஞ்சிருந்தா?”

“உடைஞ்சா அந்த எடத்துல பிளேடு தோலைக் கடிக்கும். தினம் ரத்தம் பார்த்துகினு யாராவது அதையே வச்சிருப்பாங்களா?”

அறுந்த பட்டு நூலில் செய்த பொம்மைக்கு அந்த ரேசரால் தலைவாரி, ஓரத்துப் பல் ஒன்றை அடியோடு உடைத்து, சத்தமில்லாமல் டப்பாவில் திரும்ப வைத்தபோது எனக்கு ஆறு வயது. அப்பா கவனிக்கவே இல்லை என்றுதான் இன்று காலைவரை நினைத்திருந்தேன்.