ஷட்டர் இல்லாத ஆறடி

"சந்து மூட முடிவு. அகலம் ஆறடி, நீளம் முப்பத்தெட்டடி. நகைக்கடைக்காரர் தயார்."

என் 1989 டைரியில், ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் இப்படி எழுதியிருக்கிறேன். அந்த யோசனையே என்னுடையது என்பதை அன்று எழுதவில்லை.

மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்கும் ஒரு சினிமா தியேட்டருக்கும் நடுவே இருந்த வணிக வளாகத்துக்கு அப்போது நான் மேனேஜர். இருபத்திரண்டு கடைகள். எங்கள் தொழிலில் யாரும் சதுர அடி பேசுவதில்லை. 'ஒரு ஷட்டர் கடை', 'ரெண்டு ஷட்டர் கடை' என்றுதான் பேச்சு. அப்படியே பேசிப் பழகி, ஷட்டர் இல்லாத இடமெல்லாம் எனக்கு வேஸ்ட் இடமாகத் தெரிந்தது. கட்டிடத்தின் நடுவே போன சந்தும் அப்படித்தான். அதற்குக் கூரை கிடையாது. ரயிலில் இறங்கியவர்கள் அது வழியே மேட்னி ஷோவுக்கு ஓடுவார்கள். மேலே தளமும் முனையில் ஷட்டரும் போட்டால் இன்னொரு கடை கிடைக்கும், அதை வாடகைக்கு எடுக்க ஒரு நகைக்கடைக்காரர் தயார் என்று முதலாளியிடம் சொன்னேன்.

சந்தில் வாசல் வைத்திருந்தது ஒரே கடை, டெய்சி அக்காவின் மேட்சிங் சென்டர். புடவையைக் கொண்டுபோனால் அதே நிறத்தில் ஜாக்கெட் துணி எடுத்துத் தருவார். அதற்காகவே பொழிச்சலூரிலிருந்தும் காட்டாங்குளத்தூரிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். அவர் கடைக்கு உள் வராண்டாவில் இன்னொரு வாசல் இருந்ததால், பக்கவாசல் போனால் என்ன நஷ்டம் என்று நினைத்துவிட்டேன்.

டைரியில் அப்படி எழுதிய மறுநாள் முதலாளி தானே அளவெடுத்துப் பார்க்க வந்தார். இரும்பு வியாபாரம் செய்து முன்னுக்கு வந்தவர், அதிகம் பேசமாட்டார். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். டெய்சி அக்கா சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எங்கள் இருவரையும் கடைக்குள் கூப்பிட்டு, டியூப்லைட்டுக்குக் கீழே இரண்டு துண்டுத் துணிகளை விரித்தார்.

"ரெண்டும் ஒண்ணா சார், வேறயா?"

"ஒண்ணுதாம்மா. அதுக்கு இன்னா இப்போ?" என்றார் முதலாளி. எனக்கும் ஒன்றாகவே பட்டது.

டெய்சி அக்கா துணிகளை எடுத்துக்கொண்டு சந்துக்கு வந்தார். வெயிலில் ஒன்று அரக்கு, மற்றது காப்பிப்பொடி நிறம்.

"டியூப்லைட்ல பாத்து வெட்டிக் குடுத்தா, கல்யாணத்துல நாலு பேரு கேலி பண்ணுவாங்க. மறுநாள் எங்கிட்டதான் வந்து நிப்பாங்க. வெட்டின துணிய நான் யார் தலைல கட்டறது? இந்தச் சந்துதான் சார் என் கடை. உள்ள இருக்கறது குடோன்."

முதலாளி துணிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டி, "நீ சொல்லுப்பா" என்றார். வேறு வேறுதான் என்றேன். அதோடு விடாமல், தோளில் புடவையுடன் நின்றிருந்த பொழிச்சலூர்ப் பெண் ஒருவரிடமும் கேட்டார்.

"இது அரக்கு, அது காப்பிக் கலர். இதுகூடத் தெரியலையா? அடுத்த தடவை உங்க வீட்டம்மாவ அனுப்புங்க."

முதலாளி சிரித்துவிட்டார். சந்தின் நீளத்துக்கும் ஒருமுறை பார்த்தார். இன்னும் மூன்று பெண்கள் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நின்றிருந்தார்கள்.

"டேப்ப சுத்து" என்றார். நகைக்கடைக்காரரிடம் தானே போய் இல்லையென்று சொல்லிவிட்டு வந்தார். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "ஷட்டர எண்ணினியே, ஆளுங்க எங்க நிக்குதுன்னு பாத்தியா?"

பின்னாளில் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் கட்டிடங்கள் பார்த்துக்கொண்டேன். எங்கும் வாடகை பேசுவதற்கு முன் ஒரு முழுநாள் அங்கே நின்று, மக்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிடுவேன். அந்த வழக்கம் இப்படித்தான் வந்தது.

முதலாளி காலமான பிறகு அவருடைய டிரைவர் ஒரு விஷயம் சொன்னார்: "அவுருக்கு சேப்பு, பச்சை, காப்பிக் கலரு எல்லாம் ஒண்ணுதான் சார். கண்ணு அப்பிடி. அதான் லைசென்ஸே எடுக்கல, என்னை டிரைவரா வெச்சுக்கினு இருந்தாரு."

அது உண்மையானால், வெயிலிலும் அந்த இரண்டு துணிகளும் அவருக்கு ஒரே நிறமாகத்தான் தெரிந்திருக்கும். அவருடைய மகன்களிடம் விசாரித்தேன். மூத்தவர் ஆமாம் என்றார். இளையவர் அப்படியெல்லாம் இல்லை என்றார். வேறு சான்று எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இதைச் சரிபார்க்கப்படாத தகவலாகவே பதிவு செய்கிறேன்.