ஷீலா கொடுத்த லாந்தர்கள்

என் மனைவி ஷீலாவுக்குச் சர்ச்சில் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'அம்பது ரூபா ஷீலா'. அவள் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் யாருக்கும் கிடையாது. பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்கும் பொறுப்பு அவள் கைக்கு வந்த நாளிலிருந்து, ஐம்பது ரூபாய்க்கு மேல் விலை சொல்லும் எந்தச் சாமானையும் அவள் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. பாரிமுனையில் மொத்த வியாபாரக் கடைகளில் அவள் பேரம் பேசும்போது நான் கொஞ்சம் தள்ளி நின்று, யாரோ எவரோ போல வேடிக்கை பார்ப்பேன். நிஜமாகவே வெட்கமாக இருக்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவள் கொடுப்பது எந்த வீட்டிலும் மூலையில் கிடக்காது. பிள்ளைக்குக் கொடுப்பது அம்மாவுக்கு அரைமணி நேரம் நிம்மதி தர வேண்டும், பெற்றவர்களுக்குக் கொடுப்பது அவர்களாகக் காசு போட்டு வாங்கத் தோன்றாத பொருளாக இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. ஒரு வருஷம் பிள்ளைகளுக்குச் சோப்பு முட்டை விடும் டப்பா, அப்பாக்களுக்கு நெயில் கட்டர். இன்னொரு வருஷம் பிள்ளைகளுக்குக் கலர் சாக்பீஸ், அம்மாக்களுக்குப் புது இட்லித் துணி. இட்லித் துணிக்குப் பெண்கள் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டும். 'எங்க வூட்ல கிழிஞ்சது உனக்கு எப்பிடிக்கா தெரியும்?' என்று அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். சேலையூரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள் அவள். யார் எதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள் என்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

இந்த வருஷம் லாந்தர். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் லாந்தர். அடியில் பித்தானைத் தள்ளினால் உள்ளே மெழுகுவர்த்தி எரிவதுபோல மஞ்சள் வெளிச்சம் ஆடும். இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் சர்ச்சில் விளக்கை அணைத்துவிட்டு, அத்தனை வாண்டுகளும் லாந்தரோடு வரிசையாக நடந்து வந்தபோது எனக்கே கண்ணை எடுக்க முடியவில்லை. ஷீலா பக்கத்தில் நின்று என் விலாவில் முழங்கையால் இடித்தாள். பார்த்தாயா, இதற்காகத்தான் அந்தக் கடைக்காரனிடம் அவ்வளவு சண்டை போட்டேன் என்று அர்த்தம்.

மறுநாள் எனக்கு அரைநாள்தான் வேலை. திருமுடிவாக்கத்தில் எங்கள் ஃபேப்ரிகேஷன் பட்டறையை மத்தியானமே மூடிவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு, வாசலில் கட்டிய ஸ்டாருக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். மிச்சமாகிப்போன ஒரு லாந்தர் மேசை ஓரத்தில் இருந்தது. என் கை பட்டுக் கீழே விழுந்தது. அடிமூடி தனியாகக் கழன்று, உள்ளேயிருந்து வட்டமாக ஒன்று உருண்டு போய் பீரோ காலில் முட்டி நின்றது.

"ஏய் ஷீலா, உன் லாந்தர் காசு போடுது பாரு. பசங்க மிட்டாய்னு வாயில போட்டுக்கப் போறாங்க" என்றேன். வழக்கமான கிண்டல்தான்.

அவள் குனிந்தாள். அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஒரு ரூபாய்க் காசு அளவு, பளபளவென்று. பேட்டரி. மூடியைத் திரும்பப் பொருத்தி, நகத்தால் லேசாக நெம்பினாள். கழன்றது. மறுபடி பொருத்தினாள். மறுபடி கழன்றது. ஸ்க்ரூ கிடையாது. பிறகு போனை எடுத்து எதையோ தேடிப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"ஏங்க, இத முழுங்குனா தொண்டையில மாட்டிக்கிட்டு அரிச்சிடுமாம். ரெண்டு மணி நேரத்துலயே ஓட்ட போட்டுடுமாம். அதுல ஒரு வயசு, ரெண்டு வயசுப் புள்ளைங்களும் இருக்கு. நான் குடுத்திருக்கேங்க."

எனக்கும் பயம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. சர்ச் வாட்ஸப் குரூப்பில் ஒரு மெசேஜ் போடு, தீர்ந்தது என்றேன்.

அவளும் போட்டாள். பதற்றத்திலும் பழக்கம் விடுமா? 'கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே' என்று ஆரம்பித்துத்தான் போட்டாள். அன்றைக்கு சர்ச் குரூப்பில் காலையிலிருந்து தேவதூதர்களும் நட்சத்திரங்களும் வசனங்களுமாகக் கொட்டிக்கொண்டிருந்தன. எல்லா வாழ்த்துக்கும் தொடக்கம் அதே 'கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே'தான். அவள் அனுப்பி முடித்த நிமிஷமே பதில்கள் விழ ஆரம்பித்தன.

ஆமென். ஆமென். கும்பிடும் கை. ஆமென் சிஸ்டர். ஹேப்பி கிறிஸ்துமஸ்.

"ஒருத்தர்கூட படிக்கலங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. "பேட்டரிய முழுங்குனா ஆபத்துன்னு போட்டிருக்கேன். ஆமென்னு போடுறாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போனையே விட்டெறிந்திருப்பேன். அவள் ஒவ்வொருவராக அழைக்க ஆரம்பித்தாள். சிலர் எடுத்தார்கள், அங்கேயே பேட்டரியைக் கழற்றச் சொன்னாள். பாதிப் பேர் எடுக்கவில்லை. பண்டிகைக்கு முந்தின நாள், எல்லார் கையிலும் மாவு. நான் பைக்கை எடுத்தேன். அவள் ஒரு கட்டைப்பையோடு பின்னால் ஏறிக்கொண்டாள்.

கொடுத்த பரிசைத் திரும்ப வாங்குவது எத்தனை கேவலமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதி வீடுகளில் பிள்ளைகள் லாந்தரைக் கட்டிக்கொண்டு அழுதன. இரும்புலியூரில் சரசு என்று ஒரு அம்மா. பேரனுக்காக வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"இன்னாமே இது? சர்ச்சுல ஊர் பாக்கக் குடுத்துட்டு இப்ப வூடு தேடி வந்து புடுங்கிகினு போறே? எம் பேரன் இன்னா உன்கிட்ட பிச்ச கேட்டானா?"

"அக்கா, பேட்டரி டேஞ்சர்க்கா."

"அப்ப ஏன் குடுத்தே? மலிவா கெடச்சுதுன்னு வாங்கியாந்துட்டு, இப்ப பேஜார் பண்றே."

நான் வாயைத் திறப்பதற்குள் ஷீலா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அவங்க திட்டட்டுங்க. பேட்டரி வந்துச்சில்ல" என்றாள். வந்தது. பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினோம். அப்படியே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் என்று ஒவ்வொன்றாக முடித்து, கடைசியாக மாடம்பாக்கத்தில் ஜென்சி வீடு மட்டும் பாக்கி. ஜென்சியும் குரூப்பில் ஆமென் போட்டவள்தான். அதற்கப்புறம் ஷீலா எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

ஜென்சியின் புருஷன் ஜெபினுக்கு மறைமலை நகர் கார் கம்பெனியில் ஷிப்டு. வீட்டில் அவளும் ஒன்றரை வயதுப் பெண்ணும்தான். ஞானஸ்நானப் பெயர் நீளமாக இருந்ததால் எல்லாரும் அந்தக் குழந்தையைப் பட்டு என்றே கூப்பிடுவார்கள். நாங்கள் போனபோது ஜென்சி அச்சுமுறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். போன் உள்ளே எங்கோ சார்ஜில் கிடந்தது.

டி.வி. பக்கத்தில் லாந்தர் இருந்தது. எரியவில்லை. ஷீலா எடுத்துத் திருப்பினாள். அடிமூடி இல்லை. உள்ளே பள்ளம் காலியாக இருந்தது.

"அது மத்தியானமே எரியலக்கா. பேட்டரி தீந்துடுச்சோ என்னமோ" என்றாள் ஜென்சி, அடுப்பைப் பார்த்தபடி.

"பட்டு எங்க?"

கட்டிலில் உட்கார்ந்திருந்தது. அழவில்லை, விளையாடவும் இல்லை. தாடையெல்லாம் ஒரே எச்சில், கவுன் நெஞ்சுவரை நனைந்திருந்தது.

"பல்லு மொளைக்குதுக்கா. சோறு ஊட்னா துப்புது. சளியும் இருக்கு, கர்ருகர்ருங்குது."

ஷீலா தரையில் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டாள். மூடி கிடைத்தது. நான் சோபாவை நகர்த்தினேன், பாயை உதறினேன். பேட்டரி எங்கும் இல்லை. அந்த இரண்டு நிமிஷத்தில் என் மனசு ஆயிரம் சமாதானம் சொன்னது. துடைப்பத்தோடு குப்பைக்குப் போயிருக்கும். பிள்ளைக்கு நிஜமாகவே பல் முளைக்கும்.

ஷீலா எழுந்து நேரே போய் அடுப்பை அணைத்தாள்.

"அக்கா, மாவு பாதி அப்பிடியே கீது!"

"ஜென்சி, பாப்பா பேட்டரிய முழுங்கியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போணும். இப்பவே."

ஜென்சிக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி அதன் வாய்க்குள் விரலை விடப் பார்த்தாள். ஷீலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாந்தி எடுக்க வைக்காத. தண்ணிகூடக் குடுக்காத. அண்ணன் பின்னாடி ஏறு, நான் ஆட்டோல வரேன்."

ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு விட்டேன். ராஜகீழ்ப்பாக்கம் வரை பறந்தேன். கேம்ப் ரோடு சிக்னலில் மாட்டினேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போகிற கூட்டம், கேக் கடை வாசலில் தாறுமாறாக நிறுத்திய கார்கள். ஹாரன் அடித்து, கத்தி, நடைபாதை மேல் ஏற்றினேன். ஒரு கார்க்காரர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். நானும் நன்றாகத் திருப்பிக் கொடுத்தேன். முதுகுக்குப் பின்னால் ஜென்சி "இயேசப்பா, இயேசப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டுவின் மூச்சு கர்ரென்று கேட்டது. அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்குத் தைரியம். மேம்பாலத்தில் லாரி இரைச்சலில் அது கேட்காமல் போன கொஞ்ச நேரம், ஜென்சியிடம் 'மூச்சு வருதா பாரு' என்று கத்திக்கொண்டே ஓட்டினேன்.

எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிந்தது. கழுத்துக்குக் கீழே வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம். டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், எங்களை எதுவும் கேட்காமல் நர்ஸிடம் "தியேட்டர் ரெடி பண்ணுங்க" என்றார். பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். ஜென்சி கையெழுத்துப் போட்டுவிட்டு அப்படியே சுவர் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கையெல்லாம் இன்னும் மாவு.

ஷீலா வந்து சேர்ந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை, கதவுக்கு எதிரே நின்றாள். ஜெபின் கம்பெனி யூனிஃபார்மோடு ஓடி வந்தான். அதற்குள் பேட்டரியை எடுத்துவிட்டார்கள். டாக்டரம்மா வெளியே வந்து பேசினார்.

"புண்ணாயிருக்கு. ஆனா ஓட்டை விழல. இன்னும் கொஞ்சம் லேட் ஆகியிருந்தா வேற மாதிரி பேசிட்டிருப்போம். சளின்னு நாளைக்கு வரைக்கும் வெச்சிருந்தீங்கன்னா..." என்றவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

ஜெபின் ஷீலாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான். "அக்கா, நீங்க மட்டும் இன்னிக்கு வரலன்னா என் புள்ள இல்லக்கா."

தரையில் உட்கார்ந்திருந்த ஜென்சி தலை நிமிரவில்லை. "அவங்க குடுக்கலன்னா வரவே வேணாமே" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மத்தியானத்திலிருந்து சோறு தண்ணி இல்லாமல் வீடு வீடாக ஏச்சு வாங்கியவள் என் பொண்டாட்டி. 'ஆமென் போடுறதுக்கு முன்னாடி மெசேஜைப் படிச்சிருக்கலாமே' என்று நாக்கு நுனிவரை வந்தது. ஷீலா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

வீட்டுக்கு வந்த பிறகு, "அவ சொன்னதுல இன்னா தப்பு? ரெண்டு பேர் சொன்னதும் நெசந்தான்" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போகவில்லை. ஜென்சிக்கு மாற்றுப் புடவையும் சோப்பும் துண்டும் எடுத்துக்கொண்டு காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். இந்தப் பரிசு வாங்கும் வேலையிலிருந்து தன்னை விட்டுவிடச் சொல்லிச் சர்ச் ஐயரிடம் பேசப் போவதாக வழியில் சொன்னாள். நான் பைக்கைக் கொஞ்சம் மெதுவாக்கினேன்.

பட்டு விழித்திருந்தது. கையில் குளுக்கோஸ் ஊசி, தொண்டை கட்டிய குரலில் அழுகை. பெரிய அழுகை. அந்த அழுகை எங்கள் காதுக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஜெபின் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். ராத்திரி முழுக்க மடியில் வைத்திருந்த ஜென்சி கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். நேற்றைய மாவு இன்னும் முழங்கையில் காய்ந்து ஒட்டியிருந்தது. ஷீலா பையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். கிட்டே போகவில்லை.

ஜென்சி பையைப் பார்த்தாள். பிறகு பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினாள்.

"நான் குளிச்சிட்டு வரேன். நீங்க வெச்சிருங்கக்கா."

ஷீலா உடனே வாங்கிக்கொள்ளவில்லை. புடவைத் தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். தலையிலிருந்த கிளிப், காதில் தொங்கிய கம்மல், கழுத்துச் சங்கிலியில் ஆடிய குட்டிச் சிலுவை, எல்லாவற்றையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். பட்டுவின் கைக்கு எட்டுகிற இடத்தில் இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தன்னைத் தானே தடவிப் பார்த்தாள். அப்புறம்தான் கையை நீட்டினாள்.